கராத்தேப் பயிற்சியும் மாணவர் முன்னேற்றமும்

கராத்தே என்றவுடன் ஓடுகளை உடைப்பதும் எதிரியை வீழ்த்துவதுமே பலருடைய நினைவிற்கு வருகின்றன. இக்கலையைக் கற்றால் பிள்ளைகள் சண்டைக்காரர்களாகிவிடுவார்களோ எனப் பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. கறுப்புப் பட்டையை எத்தனை மாதங்களில் பெறலாம் என மாணவர் கேட்பதுண்டு. இவ்விரு கேள்விகளுக்கும் அக்கலையினுள்ளேயே விடை இருக்கின்றது.

கராத்தே என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு வெறுங்கை என்பது பொருள். ஜப்பானின் தெற்கேயுள்ள ஒக்கினாவாத் தீவில் இக்கலை வளர்ந்தது. அங்கு அன்கோ இத்தோசு என்னும் ஆசான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற பாடமாக்கினார். அவருடைய மாணவரான கிச்சின் ஃபுனகோஷி (1868–1957) ஒரு பள்ளி ஆசிரியர். இளமையில் உடல் நலிவுற்றிருந்த அவர், மற்றோர் ஆசானின் வீட்டிற்கு இரவில் விளக்கேந்தி நடந்து சென்று, ஒரே பயிற்சியை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து தேறினார். 1922-ஆம் ஆண்டில் தோக்கியோவில் இக்கலையைச் செய்து காட்டிப் பரப்பியவரும் அவரே.

கராத்தேப் பயிற்சியில் மூன்று பகுதிகள் உள்ளன. நிற்றல், குத்துதல், உதைத்தல், தடுத்தல் ஆகிய அடிப்படைகள் கீஹோன் எனப்படும். அவற்றை ஒழுங்குபடக் கோத்துச் செய்வது கட்டா. இருவர் எதிரெதிர் நின்று பயில்வது கூமித்தே. இவற்றுள் அடிப்படையே உயிர். குத்தின் வலிமை கையில் மட்டும் இல்லை. ஊன்றிய காலில் பிறந்து, இடுப்பின் திருப்பத்தால் வளர்ந்து, கைக்கு வந்து சேர்கின்றது. நிற்கும் முறை பிழையானால் குத்தும் பிழையாகும்.

இத்தோசு இளையோர்க்கென வகுத்த கட்டாக்கள் ஐந்து. அவை ஐந்தும் தடுப்பிலேயே தொடங்குகின்றன. ஒன்றேனும் தாக்குதலில் தொடங்குவதில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் வணக்கம் உண்டு. முறையாகக் கற்றவன் வலியச் சண்டைக்குப் போகான் என்பதைப் பெற்றோர் அறிதல் வேண்டும்.

இனி, பட்டையைப் பற்றிக் கூறுவோம். ஜூடோக் கலையை வகுத்த கல்வியாளர் ஜிகோரோ கானோவின் முறையைப் பின்பற்றி, 1924-ஆம் ஆண்டில் ஃபுனகோஷி கராத்தேயில் முதன்முதலாகக் கறுப்புப் பட்டை வழங்கினார். கறுப்புப் பட்டையின் முதல் நிலைக்கு ஷோடான் என்று பெயர். அதன் பொருள் தொடக்க நிலை என்பதாகும். பலரும் முடிவென எண்ணுவதை அக்கலை தொடக்கம் என்கின்றது! எழுத்துகளைக் கற்று முடித்தவன் இனித்தான் நூல்களைப் படிக்கத் தொடங்குகிறான் என்பது போன்றதே இது.

நம் மூத்தோர் பால்மரம் சீவிய தொழிலும் அத்தகையதே. ஆழமாகச் சீவினால் மரம் புண்படும். மேலாகச் சீவினால் பால் வாராது. அந்த அளவு, நாள்தோறும் செய்த பழக்கத்தால் கைக்கு வந்தது.

பட்டைத் தேர்வில் ஒருமுறை தவறியதும் பயிற்சியையே விட்டுவிட்ட மாணவரை நாம் கண்டிருக்கிறோம். பட்டைகள் பல பெற்றும் நிற்கும் முறை திருந்தாதவரையும் கண்டிருக்கிறோம். முன்னவர் இழந்தது பெரிது. பின்னவர் பெற்றது சிறிது.

மாணவச் செல்வங்களே! பயிற்சிக்குக் காலந்தவறாது செல்லுங்கள். ஆசான் திருத்துமிடத்தை மனத்திற் கொண்டு, வீட்டு வாசலில் பத்து முறையேனும் செய்து பாருங்கள். வாய்பாடும் கையெழுத்தும் இவ்வாறே கைவரும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

பெற்றோர்களே! அடுத்த பட்டை எப்போது என்று பிள்ளையைக் கேளாதீர்கள். இன்று எதைத் திருத்திக்கொண்டாய் என்று கேளுங்கள். நீங்கள் உழைத்து ஈட்டிய பணத்தில் செலுத்தும் கட்டணத்திற்கு உரிய பயன் அவ்விடையில்தான் இருக்கின்றது.