இசையரங்கில் அவையோர் மரபு: தாளமிடுதலும் கைதட்டலும்

ஆய்வுச் சுருக்கம்

கருநாடக இசையரங்குகளில் கேட்போர் தம் பாராட்டினைக் கைதட்டலால் வெளிப்படுத்துவது இன்று இயல்பான நடைமுறையாக உள்ளது. ஆயினும், தமிழ்ச் சூழலில் கைதட்டல் தொன்றுதொட்ட பாராட்டு முறை அன்று. பரிசில் வழங்குதல், தலையசைத்தல், வியப்புச்சொல் உரைத்தல், தாளமிடுதல் ஆகியனவே அதற்கு முற்பட்ட முறைகளாக விளங்கின. இக்கட்டுரை அம்முறைகளை விளக்கி, சபை அரங்கின் வளர்ச்சியோடு கைதட்டல் பெற்ற இடத்தையும் அதனால் விளைந்த சிக்கல்களையும் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: அவை, கைதட்டல், தாளம், தனியாவர்த்தனம், நாகசுரம், சபை.

முன்னுரை

அவையில் பேசுவோர்க்கும் பாடுவோர்க்கும் உரிய நெறிகளைத் தமிழ் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. திருக்குறளின் அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்கள் சொல்வோரை நோக்கியனவே. இசை கேட்போர்க்குரிய நெறிகளோ பெரும்பாலும் எழுதப்படாத வழக்காகவே தொடர்ந்து வந்துள்ளன. எழுதப்படாமையால், ஒரு காலத்தின் வழக்கம் எக்காலத்திற்கும் உரிய விதியாகக் கருதப்படும் நிலை தோன்றுகிறது.

இதன் விளைவு நகர அரங்குகளோடு நிற்பதன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் களமருதூர் போன்ற சிற்றூர்களில் செவ்விசை பெரும்பாலும் கோயில் விழாக்களிலும் மணவீடுகளிலும் நாகசுரம், தவில் வாயிலாகவே மக்களைச் சென்றடைகிறது. அங்குக் கேட்போர் நின்றும் நடந்தும் உரையாடியும் கேட்கின்றனர். சபை அரங்கின் அளவுகோலைக் கொண்டு நோக்குவோர்க்கு இவர்கள் அவைநாகரிகம் அறியாதவராகத் தோன்றுவர். இம்மதிப்பீடு பொருத்தமானதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

பழைய நூல்களில் கேட்போர்

சங்க இலக்கியத்தில் கலைஞர்க்குரிய பாராட்டு பரிசிலாகவே அமைகிறது. பாணர்க்குப் பொற்றாமரையும் விறலியர்க்கு அணிகலனும் வழங்கப்பட்டன. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனை வழியனுப்புகையில் ஏழடி பின்சென்று விடைதருகிறான். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, இரவலர்க்குத் தேர் வழங்கியதாகப் புகழப்படுகிறான். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். இவ்விடங்களில் எல்லாம் பாராட்டு என்பது கலைஞரின் வாழ்வுக்கும் மதிப்புக்கும் பொறுப்பேற்பதாக உள்ளது.

நாட்டிய சாத்திரத்தின் இருபத்தேழாம் இயல் கேட்போர், காண்போரின் எதிர்வினைகளை வகைப்படுத்துகிறது. முறுவல், சிரிப்பு, வியப்புச்சொல், மெய்சிலிர்ப்பு, இருக்கையிலிருந்து எழுதல், ஆடையும் மோதிரமும் வழங்கல் முதலியன மானிட வெற்றியின் அடையாளங்கள். அரங்கு நிறைந்திருந்தும் ஓசையும் குழப்பமும் இன்றி நிகழ்ச்சி நடைபெறுதல் தெய்விக வெற்றியாகும். ஒலியும் அமைதியும் ஆகிய இரண்டும் இங்கு ஏற்கப்பட்டுள்ளன.

முழுமையான அமைதி தமிழ்க் கல்வி மரபிலும் போற்றப்படுகிறது. பாடம் கேட்கும் மாணாக்கன் ஓவியம்போல அசையாது அமர்ந்து, செவியால் பருகி நெஞ்சில் நிறைக்க வேண்டும் என்பது நன்னூல் கருத்து. எனவே, அமைதியாகக் கேட்டல் மேலை நாட்டிலிருந்து மட்டுமே வந்த பழக்கம் எனக் கூறுவதற்கில்லை. ஆனால் நன்னூல் கூறுவது ஆசிரியர்முன் அமர்ந்த மாணாக்கனுக்கு உரியது. கலை நிகழ்விற்கு அது அப்படியே பொருந்துவதன்று.

கைகொட்டுதல் என்னும் சொல்வழக்கு இங்குக் கருதத்தக்கது. ‘ஊர் கைகொட்டிச் சிரிக்கும்’ என்னும் வழக்கில் அது இகழ்ச்சியைக் குறிக்கிறது. கும்மியிலோ கைகொட்டுதலே கலையாகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரை மாதம் நிகழும் கூத்தாண்டவர் திருவிழாவில் திருநங்கையர் வட்டமாகக் கூடிக் கும்மியடிப்பது அனைவரும் அறிந்தது. அங்குக் கையொலி எழுப்புவோர் நிகழ்விற்கு வெளியே நின்று பாராட்டுவோர் அல்லர். நிகழ்வை நடத்துவோரே அவர்கள். ஆகவே, கையொலிக்கு இகழ்ச்சி, பங்கேற்பு ஆகிய பொருள்கள் தமிழில் வேரூன்றியுள்ளன. பாராட்டு என்னும் பொருள் அவற்றோடு பின்னர் வந்து சேர்ந்தது எனக் கொள்ளலாம்.

கோயில்வெளியில் கேட்டல்

நாகசுர இசை சுவாமி புறப்பாட்டோடு இணைந்தது. மல்லாரி ஒலித்தவுடன் சுவாமி புறப்படுகிறார் என்பதை ஊரார் அறிவர். இங்கு இசை முதற்கண் இறைவனுக்கு உரியது; மக்கள் உடனிருந்து கேட்போர். ஒரு கட்டம் முடிந்ததும் கைதட்ட வேண்டிய தேவை அங்கு எழுவதில்லை. பாராட்டு, கூட்டம் கலையாது நிற்பதிலும், வியப்புச்சொல்லிலும், பொன்னாடை போர்த்துவதிலும் வெளிப்படும். திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடி இராகத்தை நெடுநேரம் விரித்து வாசித்த திருவிழா இரவுகள் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் தெருவில் நின்ற பொதுமக்கள். நெடுநேரம் நின்று கேட்கும் பொறுமை, கேள்வித் தகுதியின் சான்றேயாகும்.

இவ்வெளியைக் குறையற்றதாகக் கருதவும் இயலாது. நாகசுரக் கலைஞர்கள் புரவலர்முன் மேல்துண்டை இடுப்பில் கட்டி நின்று வாசிக்க வேண்டியிருந்தது. இராஜரத்தினம் பிள்ளை இதனை மறுத்து, மேடையில் அமர்ந்து வாசிக்கும் மதிப்பை நிலைநாட்டினார். பரிசில் மரபு கலைஞரைப் பேணியதுபோலவே புரவலரின் கீழும் வைத்தது. கைதட்டல் சாதி, செல்வம் பாராது எவரும் அளிக்கக்கூடிய பாராட்டு என்பதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும்.

சபை அரங்கின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சென்னையில் சபைகள் வளர்ந்தன. 1927ஆம் ஆண்டு காங்கிரசு மாநாட்டையொட்டி நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டின் விளைவாக 1928இல் சென்னை மியூசிக் அகாதெமி நிறுவப்பட்டது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்ததாகக் கருதப்படும் கச்சேரி அமைப்பு, குறித்த நேரத்தில் பல உருப்படிகளை அடுக்கி வழங்க வழிசெய்தது.

அரங்கு பெரிதானபோது ஒருவரையொருவர் அறியாதோர் கட்டணம் செலுத்தி ஓரிடத்தில் கூடினர். ‘பேஷ்’, ‘சபாஷ்’, ‘ஆகா’ என்னும் சொற்கள் முன்வரிசையிலிருந்து மட்டுமே பாடகரை எட்டும். ஒலிபெருக்கி பாடகரின் குரலைக் கடைசி வரிசைவரை கொண்டு சென்றது. கடைசி வரிசையின் குரலை மேடைக்குக் கொண்டுவரவில்லை. அவ்விடைவெளியைக் கைதட்டல் நிரப்பியது எனலாம். உருப்படிகள் தனித்தனியே முடிவதும் கைதட்டலுக்கு உரிய இடங்களை உருவாக்கியது. ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனங்கள் போன்றவை புதிய கேட்போரின் சுவையுணர்வைப் பயிற்றுவித்தன.

தாளமிடும் கை

கருநாடக இசையில் கேட்போர் கைக்கு முன்பே ஒரு பணி உண்டு. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்கள் ஒரு தட்டு, மூன்று விரலெண்ணிக்கை கொண்ட லகுவாகவும், தட்டும் வீச்சும் கொண்ட இரு துருதங்களாகவும் எண்ணப்படும். கேட்போர் தொடையில் மெல்லத் தாளமிடுவது பாடகருடன் கணக்கைப் பகிர்ந்துகொள்வதாகும். ஓசை மிகாதவரை இது இடையூறாகக் கருதப்படுவதில்லை.

தாளமிடும் கை நிகழ்வின் உள்ளே இருக்கிறது. கைதட்டும் கை தாளத்தை விட்டு வெளியேறுகிறது. இவ்வேறுபாடு தனியாவர்த்தனத்தில் தெளிவாகிறது. மிருதங்கமும் கடம், கஞ்சிரா முதலியனவும் மாறிமாறி வாசித்து, குறைப்பு, மோரா ஆகியவற்றைக் கடந்து, கோர்வையை மும்முறை வாசித்துப் பாடலின் எடுப்பில் வந்து சேரும். முழுக் கணக்கின் சரிமையும் அந்த ஒரு புள்ளியில்தான் மெய்ப்பிக்கப்படுகிறது. பாடகர் பல்லவி வரியை எடுக்கும் அந்நொடியிலேயே கைதட்டல் எழுந்து எடுப்பை மறைத்துவிடுவதுண்டு. பாராட்டு தான் பாராட்டும் பொருளையே கேளாமற் செய்கிறது.

இதனினும் வருந்தத்தக்கது, தனியாவர்த்தனம் தொடங்கியதும் அவையோரில் சிலர் எழுந்து சிற்றுண்டிச்சாலைக்குச் செல்லும் வழக்கம். பக்க இசைக் கலைஞர்க்கு அளிக்கப்பட்ட ஒரே தனிப்பொழுது இடைவேளையாகக் கருதப்படுகிறது. திருவிழாவில் தவில் தனியைச் சூழ்ந்து நிற்கும் சிற்றூர்க் கூட்டத்தோடு இதனை ஒப்பிட்டால், அவைநாகரிகம் எங்குள்ளது என்னும் வினாவிற்கு எளிய விடை கிடைப்பதில்லை.

மேலை மரபோடு ஒப்பீடு

‘செவ்விசைக்கு முழு அமைதியே உரியது’ என்னும் கருத்து மேலை நாட்டிலும் பழமையானதன்று. மோட்சார்ட் 1778 சூலை 3 அன்று பாரிசிலிருந்து தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தம் சிம்பொனியின் இடையிலேயே கேட்போர் கைதட்டியதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். மெண்டல்சன் 1842இல் அரங்கேறிய தம் ஸ்காட்டிஷ் சிம்பொனியின் பகுதிகளை இடைவெளியின்றி இசைக்க விரும்பினார். 1882இல் பைராய்ட்டில் வாக்னரின் பார்சிபல் நிகழ்ந்தபோது, கைதட்டக் கூடாதென அவையோர் கருதிவிட்டனர். வாக்னரே ஒருமுறை பாராட்டொலி எழுப்ப, அவரையே அவையோர் அடக்கினர். அங்கும் அமைதி, கைதட்டலை அடுத்து வந்த ஒழுங்கே என்பது இதனால் புலனாகிறது.

இசைமொழி அறியாத கைதட்டலுக்கு 1971 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க்கில் வங்கதேசத்திற்காக நடைபெற்ற நிகழ்ச்சி சான்று. இரவி சங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்தபோதே அரங்கு கைதட்டியது. சுருதி சேர்த்தலையே இவ்வளவு விரும்பினால் வாசிப்பை இன்னும் விரும்புவீர்கள் என நம்புவதாக இரவி சங்கர் கூறினார். அறியாமையை இகழாது திருத்திய அம்மறுமொழி ஆசிரியர்க்கும் அமைப்பாளர்க்கும் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது.

முடிவுரை

கைதட்டல் சபை அரங்கின் தேவையிலிருந்து வளர்ந்த வழக்கம். அதனைத் தடைசெய்வது மரபை மீட்பதாகாது. அதனை மட்டுமே அவைநாகரிகமாகக் கொள்வதும் பொருந்தாது. பாராட்டு இசையை மறைக்கிறதா, பக்க இசைக் கலைஞரையும் முதன்மைக் கலைஞரோடு ஒப்ப மதிக்கிறதா, புதிதாக வருவோரைக் கூச்சமின்றி அமரச்செய்கிறதா என்பனவே அவையோர் நடத்தையை மதிப்பிட உதவும் அளவுகோல்கள். இவற்றால் நோக்கின், கோயில்வெளியில் நின்று கேட்போரின் வழக்கம் நாகரிகக் குறைவன்று. வேறொரு அவைமரபு என்பது தெளிவாகும். இசைக் கல்வியில் பாடும் முறையோடு கேட்கும் முறையும் பாடமாக வைக்கப்பட வேண்டும். எடுப்பு எங்கு விழுகிறது என்பதை அறிந்த கேட்போர், அது விழுந்து முடியும்வரை கையைத் தாளத்திலேயே வைத்திருப்பர்.