கனெக்டிங் ராடை எடை போட்டு வாங்குங்கள்

ரோட்டவேட்டர், பேலர் என 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு இப்போது ஓயாத வேலை. இன்ஜினை இறக்கும்போது பிஸ்டன், லைனரை நாலு கடை விசாரித்து வாங்கும் விவசாயிகள், கனெக்டிங் ராடை மட்டும் கிடைத்த விலைக்கு வாங்கி விடுகின்றனர்.

நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும் இன்ஜினில், ஒவ்வொரு ராடும் 4,000 முறை திசை மாறுகிறது. அது முறிந்தால் இன்ஜின் பிளாக்கையே உடைத்துவிடும். அறுவடை நேரத்தில் இப்படி ஆனால் வாடகை வண்டிதான் கதி.

கம்பெனி ராடு கிடைக்காதபோது வெளி ராடு வாங்குவதில் தவறில்லை. மற்ற ராடுகளையும் கடைக்கு எடுத்துச் சென்று எடை போட்டுப் பாருங்கள். எடை வித்தியாசம் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவைத் தாண்டினால் இன்ஜின் அதிரும். பேரிங் சீக்கிரம் போகும். சில இன்ஜின்களில் எடைப் பிரிவை ராடிலேயே எழுத்தாகப் பொறித்திருப்பர். அதே எழுத்தைக் கேட்டு வாங்கலாம்.

ராடும் அதன் கீழ் மூடியும் ஜோடியாகக் கடையப்பட்டவை. ஒன்றின் மூடியை மற்றொன்றில் மாட்டக்கூடாது. போல்ட் புதிதாகவே இருக்கட்டும். டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பம்பில் டீசலைக் கூட்டி இழுவையை ஏற்றியவர்கள், வலுவான ராடு போட்டால் போதும் என நினைக்கின்றனர். கூடும் அழுத்தம் பிஸ்டன், கேஸ்கெட், பேரிங் எல்லாவற்றையும் தாக்கும். முதலில் டீசல் அளவைப் பழையபடி வைக்க வேண்டும்.

வெள்ளத்தில் ஓட்டி, இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் ராடு வளைந்திருக்க வாய்ப்புண்டு. கண்ணுக்குத் தெரியாது, லேத் பட்டறையில் சோதிக்க வேண்டும். நிமிர்த்தித் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், புது ராடே போடுங்கள்.