கடிகார விளிம்பில் வேகம்: எப்படி?

ரோலக்ஸ் டேடோனா கடிகாரத்தைச் சுற்றியுள்ள வளையத்தில் 60 முதல் 400 வரை எண்கள் இருக்கும். அலங்காரம் அல்ல, வகுத்தல் கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடிகள்; அதை எடுத்த நொடிகளால் வகுத்தால் வேகம். பந்தயக் கார் ஒரு கிலோமீட்டர் தொடங்கும்போது பொத்தானை அழுத்தி, முடியும்போது நிறுத்தினால் போதும். முள் 30 நொடியில் நின்றால் அதற்கு நேரே 120 என்றிருக்கும். வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். ஒரு மைலை அளந்தால் அதே எண் மைல் கணக்கு. 60 நொடிக்கு மேல் போனால் அளவுகோல் கைவிரித்துவிடும், ஆகவே நெரிசலில் ஊர்பவர்களுக்குப் பயனில்லை.

முன்பு இந்த எண்கள் முகப்பிலேயே அச்சாகியிருந்தன. 1963-இல் வெளி வளையத்துக்கு நகர்த்தினார்கள். முகப்பில் இடம் கிடைத்தது, ஓட்டுநர் ஒரு பார்வையில் படிக்க முடிந்தது. ஃபுளோரிடாவின் டேடோனா பந்தயக்களத்தின் பெயரும் சேர்ந்தது.

உள்ளே நடந்ததுதான் சுவையானது. 1988 வரை கையால் சாவி கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜெனித் நிறுவனத்தின் தானியங்கி இயந்திரத்தை வாங்கித் திருத்தினார்கள். 2000-இல் சொந்த இயந்திரம், எண் 4130.

பழைய அமைப்பில் பொத்தானை அழுத்தியதும் ஒரு பல்சக்கரம் பக்கவாட்டில் வந்து இன்னொன்றோடு கோக்கும். பல்லும் பல்லும் மோதினால் முள் துள்ளும், நொடியின் பின்னம் பிழையாகும். 4130-இல் காரின் கிளட்ச் போலவே இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி, உராய்வால் சேர்ந்து சுழல்கின்றன. பற்கள் தேடிக் கோக்கும் வேலையில்லை; முள் துள்ளாமல் புறப்படுகிறது.