தொலைவுழைப்பும் நகரத்தின் விலையும்
லிஸ்பன், மெக்சிக்கோ நகரம்: ஓர் ஒப்பீட்டு நோக்கு

அலுவலகத்துக்குச் செல்லாது, கணினியின் துணைகொண்டு எங்கிருந்தும் செய்யப்படும் உழைப்பு இன்று பரவலானதொரு நடைமுறையாகிவிட்டது. 1973ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான ஜாக் நில்ஸ் இதற்கு ஒரு பெயர் சூட்டியபோது, போக்குவரத்து நெரிசலைக் குறைக்கும் வழியாகவே இது கருதப்பட்டது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னரோ வேறொரு வினா முன்னுக்கு வந்தது. வேலை ஒரு நாட்டிலும் வாழ்வு இன்னொரு நாட்டிலும் அமையலாமெனில், வாழ்வதற்கு உகந்த நகரம் எது? இதற்கு விடையாக நகரங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் பெருகியுள்ளன. அவை பயனற்றவை என்பது எமது வாதமன்று. அவை எதனை அளக்கின்றன, எதனை அளவாது விடுகின்றன என்பதை இரு நகரங்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பட்டியல்களின் நோக்கிலேயே இவ்விரு நகரங்களையும் பார்ப்போம். லிஸ்பன் இலண்டனின் நேரத்தையே பின்பற்றுகிறது, குளிர்காலம் மென்மையானது. 2022 ஒக்டோபர் முதல் தொலைவிலிருந்து உழைப்போருக்கெனத் தனி வீசா வழங்கப்படுகிறது. மெக்சிக்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீற்றர் உயரத்தில் இருப்பதால் வெப்பம் அதிகமில்லை. அது குளிர்காலத்திற் சிக்காகோவின் நேரத்தையே கொண்டது. கோடையில் ஒரு மணி நேரமே வேறுபடும். அமெரிக்க ஐக்கிய நாட்டவர் வீசா இன்றியே 180 நாள் வரை அங்கு தங்க அனுமதிக்கப்படலாம். ஐரோப்பாவுக்காக உழைப்பவருக்கு முன்னதும், அமெரிக்காவுக்காக உழைப்பவருக்குப் பின்னதும் பொருத்தமானவை என்ற முடிவுக்கு எவரும் எளிதில் வரலாம்.

ஆயின் இவ்விரு நகரங்களையும் பட்டியல்களில் உயர்த்தியது நேரமோ தட்பவெப்பமோ மட்டுமன்று. அவை 'மலிவானவை' என்ற எண்ணமுமாகும். மலிவு என்பது மழையையோ வெயிலையோ போன்ற இயற்கைப் பண்பு அன்று. அது ஒரு சமூக உறவு. ஒருவருக்கு ஒரு நகரம் மலிவாகத் தோன்றுவதற்குக் காரணம், அந்நகரத்தில் வீடு கட்டுபவர், சமைப்பவர், துப்புரவு செய்பவர் ஆகியோரின் உழைப்பு அவரது நாட்டிலும் பார்க்கக் குறைந்த விலைக்கு வாங்கப்படுவதேயாகும். போர்த்துக்கலின் வீசா விதி இதனை மறைக்கவுமில்லை. விண்ணப்பிப்பவரின் மாத வருமானம் அந்நாட்டின் ஆகக்குறைந்த வேதனத்தின் நான்கு மடங்காக இருத்தல் வேண்டும். 2022இல் அவ்வேதனம் 705 யூரோ. எனவே தேவைப்பட்ட வருமானம் 2820 யூரோ. உள்ளூர்த் தொழிலாளியும் வந்து குடியேறுபவரும் ஒரே வாடகைச் சந்தையில் எத்தகைய ஏற்றத்தாழ்வுடன் சந்திக்கின்றனர் என்பதை அரசின் சட்டமே எண்ணாற் கூறிவிடுகிறது.

இதனால் லிஸ்பனின் வீட்டு நெருக்கடிக்குத் தொலைவுழைப்பாளரே காரணர் என்று கூறிவிடுதல் வரலாற்று நோக்காகாது. சலசாரின் ஆட்சி 1948இல் லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் வாடகையை உறையவைத்தது. பழைய குடியிருப்பாளர் குறைந்த வாடகையில் வாழ்ந்தனர். வீட்டுடைமையாளரோ திருத்த வேலைகளைக் கைவிட்டனர். 1974 ஏப்ரல் 25ஆம் நாளின் புரட்சி வீட்டுரிமையை அரசியற் கோரிக்கையாக்கியது. கட்டடக் கலைஞர்களும் சேரிவாழ் மக்களும் சேர்ந்து வீடமைத்த திட்டம் 1976 வரை நடந்தது. அதே ஆண்டின் அரசியலமைப்பு, 65ஆம் உறுப்புரையில், வீட்டை ஓர் உரிமையாக ஏற்றது. 2011இல் நாடு 78 பில்லியன் யூரோக் கடனுக்கு உட்பட்ட பின்னர் நிலைமை மாறியது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வாடகை ஒப்பந்தங்களைத் தளர்த்தியது. அதே ஆண்டில் முதலீட்டாளருக்கான 'பொன் வீசா' வந்தது. 2014இல் உல்லாசப் பயணிகளுக்கான குறுங்கால வாடகை இலகுவாக்கப்பட்டது. 2009இலேயே, குறித்த சில தொழில்களைச் செய்யும் புதிய குடியேறிகளுக்குப் பத்தாண்டுகளுக்கு 20 வீத வரி என்ற சலுகை வகுக்கப்பட்டிருந்தது. தொலைவுழைப்பாளர் இவ்வரிசையிற் கடைசியாக வந்தவர். கதவைத் திறந்தது மூலதனமும் அரசுமே.

நீல் சிமித் 1979இல் முன்வைத்த 'வாடகை இடைவெளி' என்னும் கருத்து இங்கு விளக்கம் தருகிறது. ஒரு நிலத்திலிருந்து இப்போது பெறப்படும் வாடகைக்கும், வேறு பயன்பாட்டிற் பெறக்கூடிய வாடகைக்கும் இடையிலான வேறுபாடு பெருகும்போது, மூலதனம் அவ்விடத்தை நாடி வருகிறது. அல்பாமா, மொராரியா போன்ற பழைய குடியிருப்புகள் இவ்வாறுதான் 'கண்டுபிடிக்கப்பட்டன'.

மெக்சிக்கோ நகரத்தின் கதை வேறு. எனினும் தருக்கம் ஒன்றே. 1985 செப்ரெம்பர் 19ஆம் நாளின் நிலநடுக்கம் ரோமா, கொண்டேசா முதலிய பகுதிகளைப் பெரிதும் சேதப்படுத்தியது. வசதிபடைத்தோர் பலர் வெளியேறினர். நகர மையத்தின் ஏழைக் குடியிருப்பாளரோ வெளியேற மறுத்து அணிதிரண்டனர். அதன் விளைவாக அரசு காணிகளைக் கையகப்படுத்தி அவர்களுக்கே வீடுகளை மீளக் கட்டிக்கொடுத்தது. காலப்போக்கில் ரோமாவும் கொண்டேசாவும் மீண்டும் விலையேறின. 2022 ஒக்டோபரில் நகர நிர்வாகம் ஏயர்பிஎன்பி நிறுவனத்துடனும் யுனெஸ்கோவுடனும் உடன்பாடு செய்து, தொலைவுழைப்பாளரை வெளிப்படையாகவே வரவேற்றது.

இரு நகரங்களிலும் எதிர்ப்பு எழுந்தது. 2023 ஏப்ரல் 1ஆம் நாள் லிஸ்பனிலும் ஏனைய நகரங்களிலும் மக்கள் வாழ்வதற்கு வீடு கோரித் தெருவில் இறங்கினர். 2025 யூலை 4ஆம் நாள் மெக்சிக்கோ நகரில் நடந்த ஊர்வலத்தில், வாடகைக்கு எதிரான குரலோடு அந்நியருக்கு எதிரான கோஷங்களும் கலந்தன. கடைகளின் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. இவ்விடத்தில் நாம் தெளிவாக இருத்தல் அவசியம். அந்நியர் வெறுப்பு வர்க்க முரண்பாட்டை இன முரண்பாடாகத் திரித்துக் காட்டுகிறது. வீட்டுடைமையாளரும் முதலீட்டு நிறுவனமும் மறைந்துகொள்ள, தெருவில் வேற்றுமொழி பேசுபவன் பகைவனாகின்றான். இதன் விளைவை இறுதியில் அனுபவிப்பவர் வசதியுள்ள வெளிநாட்டவர் அல்லர், வறிய குடியேறிகளே.

இவ்வறிய குடியேறிகள் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. லிஸ்பனின் மொராரியாவில் வங்காளதேச, நேபாள, இந்தியத் தொழிலாளர் பலர் வாழ்கின்றனர். 2023 பெப்ரவரியில், தென்னாசியர் நெருங்கி வாழ்ந்த ஒரு கட்டடம் அங்கே தீப்பற்றி இருவர் இறந்தனர். தெற்கே ஒடெமிரா விவசாயப் பகுதியில் ஆசியத் தொழிலாளர் வாழ்ந்த நெரிசலான விடுதிகள், 2021இன் தொற்றுப் பரவலின்போதே நாட்டின் கவனத்துக்கு வந்தன. இருவரும் வேறு நாட்டிலிருந்து வந்தவர்களே. ஒருவரை 'நாடோடி' என்று நயமாக அழைத்து வரிச்சலுகை தருகின்றனர். மற்றவரைப் 'பிரச்சினை' என்கின்றனர். இவ்வேறுபாட்டை நிர்ணயிப்பது கடவுச்சீட்டும் வருமானமுமாகும். எம் நாட்டவருள் பெரும்பாலோர் எவ்வரிசையில் நிற்கின்றனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தொலைவுழைப்பாளரும் உழைப்பாளரே என்பதை மறத்தலாகாது. ஒப்பந்தமும் ஓய்வூதியமும் இன்றி உழைப்போர் அவர்களுள் உள்ளனர். தம் நகரத்தின் வாடகையைச் செலுத்த இயலாமையாற் பிற நகரத்துக்குச் சென்றோரும் உளர். ஒரு நகரத்தில் இடம்பெயர்க்கப்பட்டவர், இன்னொரு நகரத்தில் அறியாமலே பிறரை இடம்பெயர்க்கும் நிலை இது. தனிமனிதரைக் குற்றங்கூறுவதால் இவ்வட்டம் உடையாது.

எனவே நகரங்களை ஒப்பிடும் அளவுகோல்களே விரிவுபெறுதல் வேண்டும். வாடகை எவ்வளவு என்பதோடு, அது உள்ளூர் வேதனத்தில் எத்தனை பங்கு என்றும் கேட்கவேண்டும். குடியிருப்பாளரை வெளியேற்றுவது அங்கு எவ்வளவு எளிது, வருபவர் அந்நகரத்தின் பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் வரி செலுத்துகின்றாரா என்பனவும் கேள்விகளாதல் வேண்டும். சட்டங்கள் மாற்றத்தக்கவை என்பதற்கும் சான்றுண்டு. போர்த்துக்கல் 2023இல் வீடு வாங்குவதன் மூலம் பொன் வீசா பெறும் வழியை மூடியது. பழைய வரிச்சலுகையும் 2024 முதல் புதியவர்க்குப் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. மெக்சிக்கோ நகரம் 2024இல் வாடகை உயர்வைப் பணவீக்க வீதத்துக்குள் மட்டுப்படுத்தியது. இவை தாமாக வந்தவையல்ல. மக்களின் அழுத்தம் அவற்றின் பின்னால் உண்டு.

முதலாளித்துவம் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, அதனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது என்று 1872இல் ஏங்கெல்ஸ் காட்டினார். அவர் கண்டது ஒரே நகரத்தின் தெருக்களுக்கிடையிலான நகர்வு. இன்று அந்நகர்வு கண்டங்களுக்கிடையில் நிகழ்கிறது. 'வாழ்வதற்குச் சிறந்த நகரங்கள்' என்னும் பட்டியல் அதற்கு வழிகாட்டும் பலகையாகிறது. சிறந்த நகரம் எது என்ற வினாவை, அது யாருக்குச் சிறந்தது, யாருடைய செலவிற் சிறந்தது என்ற வினாக்களிலிருந்து பிரிக்க இயலாது.