வீட்டுக்கு ஒரு பலகாரம்... தட்டில் நாலு பலகாரம்! கிறிஸ்துமஸுக்கு ஓர் ஈஸி ஏற்பாடு

டிசம்பர் பிறந்துவிட்டால் நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். ``பலகாரம் எப்போ சுடப் போறீங்க?''

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்திருக்கும். அந்தத் தட்டுக்குப் பதில் தட்டு கிறிஸ்துமஸுக்குப் போயாக வேண்டும். வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இங்கே கிடையாது.

கேட்பது சுலபம். சுடுபவருக்குத்தான் பாடு. அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, டைமண்ட் கட், பிஸ்கட் என்று நாலு வகையாவது இருந்தால்தான் தட்டு நிறையும். பெரும்பாலான வீடுகளில் இத்தனையும் ஒரே ஆள் தலையில்தான் விழுகிறது. வேலைக்குப் போய்விட்டு வந்து, சமையலை முடித்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் அம்மாவுக்கு, 25-ம் தேதி காலை ஆராதனையில் கண் சொருகாமல் என்ன செய்யும்? முடியாதவர்கள் கடையில் வாங்கிவிடுகிறார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் தோழிகளும் அக்கம்பக்கத்தாரும் ஆளுக்கு ஒரே ஒரு வகை குக்கீஸை நிறையச் செய்து எடுத்துவந்து, தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். `குக்கி எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர். ஒரு வகை செய்தவர் வீடு திரும்பும்போது கையில் பல வகை இருக்கும்.

நம் ஊர்ப் பலகாரத்துக்கும் இது கச்சிதமாகப் பொருந்தும். நாலு வீடுகள் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீடும் ஒரே ஒரு பலகாரம், 80 எண்ணம். 20 தங்களுக்கு, மற்ற 3 வீடுகளுக்கும் 20, 20. ஒரு தடவை மாவு பிசைந்து, ஒரு தடவை சட்டி வைத்ததோடு வேலை முடிந்தது. வீட்டில் நாலு வகை இருக்கும்.

யாருக்கு எது என்பதை மட்டும் யோசித்துப் பிரிக்க வேண்டும். கை பழகியவர் வீட்டுக்கு அச்சு முறுக்கு. பொறுமையாக உருண்டை பிடிக்க ஆள் இருக்கும் வீட்டுக்கு முந்திரிக்கொத்து. புதிதாகக் குடித்தனம் வைத்தவர்களுக்கு டைமண்ட் கட். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நெய் பிஸ்கட்.

முதல் நாலு முறுக்கு போனால் போகட்டும்!

அச்சு முறுக்கைச் சில ஊர்களில் ரோஸ் குக்கீஸ் என்பார்கள். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுடும் `கொக்கிஸ்' இதன் சகோதரிதான். டச்சு மொழியில் `குக்கியே' என்றால் சின்ன கேக். ஆங்கிலத்தின் குக்கி அதிலிருந்து வந்தது. கொக்கிஸும் அப்படித்தான் என்கிறார்கள். ஆக, குக்கி எக்ஸ்சேஞ்சில் அச்சு முறுக்குக்கு இடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பச்சரிசி மாவு 2 கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், முட்டை 1, கறுப்பு எள் 1 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. கெட்டித் தேங்காய்ப்பால் ஒன்றரை கப் அளவுக்கு எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். தோசை மாவைவிடச் சற்று நீர்த்திருக்கலாம். தேவைப்பட்டால் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி எல்லாம் அச்சில்தான் இருக்கிறது. அச்சை எண்ணெயிலேயே போட்டு நன்றாகக் காய வைத்து, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. முக்கிய அச்சை எண்ணெயில் சில நொடிகள் பிடித்திருந்து, லேசாக உதறினால் முறுக்கு தனியாக மிதக்கும். திருப்பிவிட்டுப் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம்.

மாவு அச்சில் ஒட்டவே இல்லையா? அச்சு சரியாகக் காயவில்லை, அல்லது அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறதா? சர்க்கரை அதிகம், அல்லது அச்சு இன்னும் பழகவில்லை. புது இரும்பு அச்சைக் கஞ்சித் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி வைப்பது பழைய வழக்கம். அப்படியும் முதல் நாலு முறுக்கு உடையத்தான் செய்யும். அதற்கென்றே சட்டி பக்கத்தில் பிள்ளைகள் நிற்பார்கள்.

அரிசி மாவு அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு தடவை முக்கும்போதும் கலக்கிவிட வேண்டும். அச்சின் அளவைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். ஒரு கப் மாவில் எத்தனை வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு 80-க்குக் கணக்குப் போடுவது நல்லது.

முந்திரி இல்லாத முந்திரிக்கொத்து

பெயரைப் பார்த்து முந்திரிப்பருப்பு வாங்கிவிட வேண்டாம். கொடிமுந்திரி, அதாவது திராட்சைக்கொத்து போல உருண்டைகள் சேர்ந்திருப்பதால்தான் இந்தப் பெயர். பாசிப்பயறு 2 கப் வாசனை வரும்வரை வறுத்து, கொரகொரவென்று பொடிக்க வேண்டும். அரை கப் தேங்காய்த்துருவலைச் சிவக்க வறுத்து, 2 டேபிள்ஸ்பூன் வறுத்த எள், ஏலக்காய், சுக்குப் பொடியோடு இதில் சேர்க்க வேண்டும். ஒன்றரை கப் வெல்லத்தைப் பாகாக்கி வடிகட்டி ஊற்றிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துவிட வேண்டும். ஆறிவிட்டால் உதிரும். இங்கேதான் இரண்டு கை போதாது, நாலு கை வேண்டும்.

உருண்டைகள் சில மணி நேரம் இறுகட்டும். பிறகு அரிசி மாவில் மஞ்சள் தூளும் உப்பும் சேர்த்து, பஜ்ஜி மாவு பதத்தில் கரைத்து, மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் விட வேண்டியதுதான். தேங்காயில் ஈரம் இருந்தால் சீக்கிரம் கெட்டுவிடும். அதை வறுப்பதில் மட்டும் அவசரம் கூடாது.

புதிய கைக்கு

டைமண்ட் கட்டுக்கு மைதா 2 கப், பொடித்த சர்க்கரை அரை கப், சூடான நெய் 2 டேபிள்ஸ்பூன். பால் தெளித்துக் கெட்டியாகப் பிசைந்து, தேய்த்து, குறுக்கும் நெடுக்கும் வெட்டி, மிதமான தீயில் பொரிக்கலாம்.

நெய் பிஸ்கட்டுக்கு மைதா 1 கப், கடலை மாவு 2 டேபிள்ஸ்பூன், பொடித்த சர்க்கரை அரை கப், ஏலக்காய்ப் பொடி கொஞ்சம். அரை கப் நெய்யைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்து, உருட்டித் தட்ட வேண்டும். அவன் இல்லாவிட்டால் அடி கனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, மூடிபோட்டு 10 நிமிடம் சூடாக்கி, உள்ளே ஒரு ஸ்டாண்ட் வைத்து அதன்மேல் பிஸ்கட் தட்டை வைக்கலாம். சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று திரும்ப உள்ளே வைத்துவிட வேண்டாம், ஆறினால் இறுகிவிடும்.

முட்டையைச் சொல்லிவிடுங்கள்

இந்தத் தட்டு போகும் வீடுகளையும் நினைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். சைவம் சாப்பிடும் பக்கத்து வீட்டார், ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பவர்கள், மார்கழி முழுக்க முட்டையைத் தொடாதவர்கள் என எல்லோர் வீட்டுக்கும் பலகாரம் போகிறது. அவர்கள் கேட்கத் தயங்குவார்கள். வாங்கிவைத்துவிட்டுத் தொடாமலே இருப்பார்கள். பல ஆண்டுத் தட்டுப் பழக்கத்தில் இந்தச் சங்கடம் எதற்கு?

மாற்றிக்கொள்ளும் வீடுகளே இதை முதலில் பேசி வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன நாலில் முட்டை இருப்பது அச்சு முறுக்கில் மட்டும். அதைத் தனி டின்னில் போட்டு, மேலே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிட வேண்டும். அச்சு முறுக்கு சுட்ட எண்ணெயில் வேறு பலகாரம் சுடக் கூடாது. சைவ வீட்டுக்குப் போகும் தட்டில் மற்ற மூன்றும் இருந்தால் போதும். முட்டையில்லாமலும் அச்சு முறுக்கு சுடலாம். முட்டைக்குப் பதில் அரிசி மாவோடு கால் கப் மைதா சேர்த்தால் பிடிமானம் கிடைக்கும். மொறுமொறுப்பு மட்டும் ஒரு மாற்றுக் குறையும்.

அடுத்த எதிரி மழை. டிசம்பர் ஈரக்காற்றில் மாவும் காயாது, சுட்ட பலகாரமும் நமத்துப்போகும். மாவை வெயில் அடிக்கும் நாளிலேயே தயார் செய்துகொள்வது நல்லது. ஈர மாவாக இருந்தால் வெறும் சட்டியில் லேசாக வறுத்துச் சலித்துக்கொள்ளலாம். சூடு முழுக்க ஆறிய பிறகே டின்னில் அடைக்க வேண்டும்.

20-ம் தேதிக்குள் சுட்டு, 22-ம் தேதி வாக்கில் மாற்றிக்கொண்டால், 24-ம் தேதி தட்டு அடுக்க நேரம் இருக்கும்.

அச்சு முறுக்கு சுட்டு முடித்ததும் அச்சைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம். துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி வைத்தால் அடுத்த வருஷம் முதல் முறுக்கே கழன்று வரும். இரவல் வாங்கிய அச்சு என்றால், திருப்பிக் கொடுக்கும்போது கூடவே பத்து முறுக்கும் போகட்டும்.