வராந்தாவில் ஒரு நாற்காலி

ஆவூர் பக்கத்து உபதேசியார் ஒருவர் டீக்கடை பெஞ்சில் சலித்துக்கொண்டார். "தூக்கம் போச்சும்பாங்க, யாரோ செய்வினை வச்சுட்டாங்கம்பாங்க. தலையில கை வச்சு ஜெபிக்கிறோம். அதுக்கு மேல நாங்க என்ன டாக்டரா தம்பி?"

டாக்டராக வேண்டியதில்லை ஐயா. அவருக்கும் டாக்டருக்கும் நடுவில் நிற்கிற ஆளாக இருந்தால் போதும். நம் மாவட்டத்திலேயே அதைப் பார்த்திருக்கிறோம். 2010-இல் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ் விட்டது. உள்ளே திரை, அந்தப் பக்கம் சென்னையில் மனநல மருத்துவர். பேசி முடித்ததும் மாத்திரையைப் பஸ்ஸிலேயே இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் பஸ் வரை ஆளைக் கூட்டிவந்தது பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள்தான். யார் வீட்டில் யார் மூன்று ஞாயிறாகப் பூசைக்கு வரவில்லை என்பது பஸ்ஸுக்குத் தெரியாது. பங்கின் அன்பியக் குழுவுக்குத் தெரியும்.

"பயிற்சின்னா என்ன சொல்லிக்கொடுப்பாங்க?"

பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு கேட்கத்தான். நமக்கு அதுதான் கஷ்டம். யாராவது அழ ஆரம்பித்தாலே யோபு கதையை எடுத்துவிடுகிறோம். அடுத்தது, நேராகக் கேட்பது: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் இல்லாத நினைப்பை நாமே ஏற்றிவிடுவோமோ என்று பயம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்கு, அப்பாடா ஒருத்தர் கேட்டாரே என்றிருக்கும். ஆமாம் என்றால் தனியாக விடக் கூடாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதை அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பினர் இதற்கென்றே ஊர்ப்பொதுவில் பூட்டுப் பெட்டிகள் வைத்துப் பார்த்தார்கள். பிறகு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. கூடவே போக வேண்டும்; சீட்டு எழுதிக் கையில் கொடுத்தனுப்பினால் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள்.

பங்குச்சாமியாருக்கு ஒரு தனிச் சிக்கல். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் உயிர் போனாலும் வெளியே சொல்ல முடியாது. அதனால் உள்ளே இருக்கும்போதே, "முடிச்சிட்டு வராந்தாவுல ஒரு நாற்காலி போட்டுப் பேசலாமா?" என்று கேட்கப் பழக வேண்டும். வந்தவர் தாமாக அங்கே மறுபடி சொன்னால், அவர் சம்மதத்தோடு உதவி தேடலாம்.

உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். "சில இடத்துல மாத்திரையை விட்டுடு, விசுவாசம் போதும்ங்கிறாங்களே?"

எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஒருவர் மேடையேறி, மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று சாட்சி சொல்கிறார். கூட்டம் அல்லேலூயா போடுகிறது. அதே கூட்டத்தில், மாத்திரையால் மட்டுமே நிலையாக இருக்கிற இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டுக்குப் போய் நிறுத்துவார். சில வாரமோ மாதமோ கழித்து நோய் திரும்பினால் பேய் என்பார்கள், சங்கிலி வரும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி தர்கா பக்கத்து மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் போனார்கள். இப்போது 2017-ஆம் வருடத்து மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது, ஜெபவீடானாலும். ஏர்வாடி தர்காவிலேயே பிறகு துவாவோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ஜெபத்தை யாரும் விடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் பூசைக்கு வந்தால் பெஞ்சில் பக்கத்து ஆள் நகர்ந்து உட்காருகிறாரே, அதற்கும் பயிற்சி வேண்டும். அது ஒரு நாள் கூட்டத்தில் வராது.

"அந்த நம்பர் என்ன சொன்னீங்க?"

இன்னும் சொல்லவில்லை ஐயா. 14416, டெலி மானஸ். அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது.

"ராத்திரி எடுப்பாங்களா?"

இருபத்துநாலு மணி நேரமும். தமிழிலேயே பேசலாம்.

பையிலிருந்து பூசைக் கருத்து எழுதும் நோட்டை எடுத்தார். பின்னட்டையில் பெரிய எழுத்தில் குறித்துக்கொண்டார்.