சொன்னால் பிழைக்கும் மந்தை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு என்று தமிழ் வகுப்பில் கேட்டபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. கொல்லிமலையில் பிறந்தவனுக்கு அது அன்றாட வாழ்க்கை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்து பாருங்கள். மிளகும் காப்பியும் வைத்திருப்பவரும், கையளவு காட்டில் சாமை விதைப்பவரும் ஆபத்துக்கு நம்பியிருப்பது பட்டியில் நிற்கும் நாலு ஆடுகளைத்தான். பள்ளிக்கூடச் செலவுக்கு ஓர் ஆடு, வைத்தியத்துக்கு ஓர் ஆடு, திருவிழாவுக்கு ஓர் ஆடு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நானும் ஆடுகள் படிக்க வைத்த பிள்ளைதான்.

அந்தச் செல்வத்துக்குத் தொற்றுநோய் வந்தால் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, ஏன் சொல்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் பட்டியில் நடந்தது

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஆண்டு, அப்பா அடிவாரச் சந்தையில் ஒரு கிடாக்குட்டி வாங்கி வந்தார். ஒரு வாரத்தில் அதற்கு மூக்கில் சளி, வாயில் புண், பிறகு கழிச்சல். அது செத்த மூன்றாம் நாள் மற்ற ஆடுகளும் தலையைத் தொங்கப் போட்டன. வெளியில் தெரிந்தால் ஆடு விலை போகாது என்று அப்பா வாய் திறக்கவில்லை. நிற்கும் நிலையில் இருந்த இரண்டை அவசரமாக விற்றுவிட்டார். அதில் ஒன்றை வாங்கியவர் பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவர். பதினைந்து நாளில் அவர் பட்டியில் இருந்த நான்கும் போயின.

பிறகுதான் கால்நடை மருத்துவர் வந்தார். “ஏனுங்க, மொத ஆடு சொணங்குன அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?” என்று கேட்டார். “சொன்னா எல்லா ஆட்டையும் ஓட்டிக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயந்துட்டேனுங்க” என்றார் அப்பா. நோயின் பெயர் ஆட்டுக்கொல்லி என்று அன்றுதான் அறிந்தோம். மருத்துவர் சுற்றியிருந்த ஊர்களின் ஆடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டார். நோய் அத்துடன் நின்றது. ஒரு முறை போட்டால் சுமார் மூன்று ஆண்டுகள் காக்கும் ஊசி அது. அந்தப் பாட்டியை வழியில் பார்க்கும்போதெல்லாம் இன்றும் நான் தலைகுனிந்தே நடக்கிறேன்.

அரசூர் தந்த தடுப்பூசி

ஆட்டுக்கொல்லி நோய் 1942 இல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதலில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் அது முதன்முதலில் அறியப்பட்டது 1987 இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த அரசூர் கிராமத்தில். செம்மறியாடுகளுக்கு அவ்வாறு நோய் கண்டால் மாட்டு வெக்கை நோய் என்றே அதுவரை எண்ணி வந்தனர். அரசூரில் கிடைத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் இது வேறு நோய் என்பது புலனாயிற்று. அங்கே பிரித்தெடுத்த நச்சுயிரியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பின்னர் ‘அரசூர் 87’ என்னும் தடுப்பூசியை உருவாக்கியது. செத்த ஆடுகளை ஓசையின்றிப் புதைத்திருந்தால் அந்த ஊசி நமக்குக் கிடைத்திருக்குமா?

வெக்கை நோயின் கதையும் இத்தகையதே. 1920 இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் சென்ற மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அங்கே வெக்கை நோய் பரவியது. அதிர்ந்த நாடுகள் ஒன்றுகூடி, 1924 இல் பாரிஸ் நகரில் உலக விலங்கு நலத்துக்கான நிறுவனத்தைத் தோற்றுவித்தன. ஒரு நாட்டில் கண்ட நோயை மற்ற நாடுகளுக்கு ஒளிக்காமல் அறிவிப்பதே அதன் அடிப்படைக் கடமை. இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995 இல், நம் தமிழ்நாட்டில். 2011 இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசி பாதி வேலை செய்தது. ஊர் ஊராகச் சென்று தேடியதும், கண்டதைச் சொன்னதும் மீதி வேலையைச் செய்தன.

சட்டம் சொல்வது

2009 ஆம் ஆண்டின் விலங்குகளில் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், அறிவிப்பதைக் கடமையாகவே ஆக்கியுள்ளது. பட்டியலில் உள்ள நோய் தம் கால்நடைக்கு இருக்கலாம் என்று நம்பக் காரணம் உள்ளவர், கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும்; அவர்கள் வழியே செய்தி கால்நடை மருத்துவருக்குச் செல்லும். ‘இருக்கலாம்’ என்ற ஐயமே போதும். நோயின் பெயரை நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அது மருத்துவர் வேலை. நோயுற்றதைப் பிரித்துக் கட்டுவதும் உடையவர் கடமை. செத்ததை ஆற்றிலோ ஏரியிலோ எறிவது குற்றம். நம் மலையில் ஓடையில் எறிந்தால் அது அய்யாற்றின் வழியே எத்தனை ஊர்களுக்குப் போகும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஐயம் கொள்ள வேண்டிய அறிகுறிகள்

வாயிலும் குளம்பிலும் புண்ணாகி எச்சில் ஒழுகினால் கோமாரி எனலாம். தோலெங்கும் கட்டிகள் எழும்பினால், 2019 இல் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட தோல் கழலை நோயாக இருக்கக்கூடும். கோழிகள் கூட்டமாகச் செத்தால், வழக்கமான வெள்ளைக்கழிச்சல்தான் என்று தள்ளிவிடக் கூடாது. பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். மலைக்குக் கீழே முட்டைக்குப் பெயர் பெற்ற நாமக்கல் பண்ணைகள் உள்ளன. காட்டு விலங்குகளையும் கவனிக்க வேண்டும். 2023 இல் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்தபோது அது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியாயிற்று. காட்டில் பன்றி செத்துக் கிடந்தால் இறைச்சிக்குக் கொண்டுவராமல் வனத்துறைக்குச் சொல்வதே முறை.

எல்லாவற்றிலும் கொடியது அடைப்பான். நன்றாக மேய்ந்த மாடு திடீரென்று விழுந்து சாகும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த இரத்தம் கசியும். அந்த உடலை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. காற்றுப் பட்டால் கிருமி வித்துகளாக மாறிப் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும், மனிதரையும் கொல்லும். மருத்துவர் சொல்லும் முறைப்படி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

எப்படிச் சொல்வது?

அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் நேரில் சொல்லலாம். 1962 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியிலும் அழைக்கலாம். எந்த ஊர், என்ன விலங்கு, எத்தனை நோயுற்றன, எத்தனை செத்தன, எந்த நாள் தொடங்கியது, புதிதாக ஏதேனும் வாங்கினோமா, தடுப்பூசி போட்டோமா - இவை தெரிந்தால் போதும். மருத்துவர் வரும்வரை மந்தையைச் சந்தைக்கும் பொது மேய்ச்சலுக்கும் ஓட்டக் கூடாது.

என் தந்தையின் அச்சத்துக்கும் விடை கூற வேண்டும். ஆட்டுக்கொல்லிக்கும் கோமாரிக்கும் யாரும் மந்தையை ஓட்டிச் செல்வதில்லை. தனிமைப்படுத்தலும் சுற்றுப்புறத் தடுப்பூசியுமே வழி. பறவைக் காய்ச்சல், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போன்றவற்றில்தான் அழிக்க நேரிடும். அதற்கு அரசு இழப்பீடு தருகிறது.

நம் கடமை

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், தொற்றுநோயை மறைக்க முடியாது; ஒருவர் மறைத்ததை அடுத்தவர் பட்டி சொல்லிவிடும். மாணவ நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் ஆடு மாடு உள்ள வீடுகளிலிருந்து வருகிறோம். விடுமுறைக்கு ஊர் சென்றதும் பட்டியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தலை தொங்கிய ஆடு ஒன்று கண்ணில் பட்டால், பெரியவர்கள் தயங்கினாலும் நீங்கள் சொல்லுங்கள். அன்று நான் சொல்லியிருந்தால் அந்தப் பாட்டியின் பட்டியில் இன்று நான்கு ஆடுகளின் வம்சம் மேய்ந்துகொண்டிருக்கும்.